ரூமிபாம்பாவின் வலது கண்கள்

டிரான்சிட்டோ: …நான் குருடியாயிட்டேனா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா. மாடு கறக்காம நிக்குது.

எலோய்சா: ஆடாதீங்க. தாடைய இந்தக் கட்டை மேல வைங்க. வெளிச்சத்தையே பாருங்க.

டிரான்சிட்டோ: எங்க பாக்கறது? இந்த வலது கண்ணுக்குள்ள சூரியனே வந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. கிட்ட இருக்கறதெல்லாம் ஒரே கலங்கல். காலைல என் வெரலையே உருளக்கெழங்குன்னு நெனச்சு சீவப் போனேன்.

நோர்மா: பெரியம்மா, கொஞ்சம் வாய மூடிக்கிட்டுப் பாருங்களேன்.

டிரான்சிட்டோ: நான் என்ன வாயாலயா பாக்கறேன்? கண்ணுக்குத்தானே வேலை, வாய் சும்மாதானே இருக்கு.

எலோய்சா: நோர்மா… இங்க வா. இத நீயும் பாரு.

நோர்மா: என்ன டாக்டர்?

எலோய்சா: இடது கண்ணுல டார்ச் அடிக்கிறேன். கண்ணு பாப்பா சுருங்குதா?

நோர்மா: சுருங்குது.

எலோய்சா: இப்ப வலது கண்ணு.

நோர்மா: …மாதாவே! அசையவே இல்லையே!

டிரான்சிட்டோ: என்னடி அசையல? ஏன்டி கையால வாயப் பொத்தற? நோர்மா!

எலோய்சா: பயப்படாதீங்கம்மா. இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல.

டிரான்சிட்டோ: டாக்டருங்க 'பயப்படாதீங்க'ன்னு சொன்னா, சவப்பொட்டி செய்யறவன் வாசல்ல வந்து அளவெடுக்கறான்னு அர்த்தம். போன வருஷம் பூரா இந்த ஊர்ல அதத்தானே பாத்தோம்.

எலோய்சா: ஊசி எப்பப் போட்டீங்க?

டிரான்சிட்டோ: ம்?

எலோய்சா: கொரோனா ஊசி. எப்ப?

டிரான்சிட்டோ: அது… எல்லாரும் போட்ட அன்னிக்குத்தான். அவளக் கேளுங்க.

நோர்மா: திங்கக்கெழம டாக்டர். பெரியம்மா ஊர்த்தலைவி இல்லையா… வரிசையில மொத ஆளே இவங்கதான்.

எலோய்சா: இடது கையிலதானே?

நோர்மா: எல்லாருக்கும் இடது கையிலதான் போட்டேன்.

எலோய்சா: புரியவே இல்ல… இவங்களோட சேத்து இந்த ஊர்ல பன்னெண்டு பேரு. ஊசி போட்ட ஒண்ணு ரெண்டு நாள்ல வலது கண்ணு பாப்பா அகலத் தொறந்துக்கிட்டு சுருங்கமாட்டேங்குது. அந்தத் தச்சன் லூச்சோ ஒருத்தனுக்கு மட்டும் இடது கண்ணு. நோர்மா, ஊசி போட்டவங்க கண்ணுல என்ன கோளாறு வருதுன்னு ஆஸ்பத்திரிக்காக நான் ஊர் ஊரா சுத்திக்கிட்டு இருக்கேன். செவந்த கண்ணு பாத்திருக்கேன், வீங்கின கண்ணு பாத்திருக்கேன். ஒரு ஊரே ஒத்தக் கண்ண முழிச்சிக்கிட்டு நிக்கறத இப்பத்தான் பாக்கறேன்.

டிரான்சிட்டோ: ஊர்ல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? ஊசி போட்டா வலது கண்ணு செத்துப்போகுமாம். ரெண்டாவது தடவ போட்டா இடது கண்ணுமாம்.

நோர்மா: யாரு சொன்னது?

டிரான்சிட்டோ: ஃபிலோமேனோதான். வேற யாரு? எனக்கு எதிரா நின்னு தோத்ததுலேர்ந்து அவனுக்கு வாய்தான் பொழப்பு.

எலோய்சா: அம்மா, நான் சொல்றத நிதானமா கேளுங்க. தலைக்குள்ள நரம்ப ஏதாவது அமுக்கினாலும் கண்ணு இப்படி ஆகும். இன்னிக்கே உங்கள குவென்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி தலைய ஸ்கேன் எடுக்கணும்.

டிரான்சிட்டோ: இன்னிக்கா? இன்னிக்கு ஊர்ச்சபை டாக்டரம்மா! மொத சங்கு ஊதியாச்சு. மூணாவது சங்குக்கு நான் அங்க இருந்தாகணும். பாதி ஊரு இன்னும் ஊசி போடல. நாளைக்கு வர்ற ஊசி வண்டிய உள்ள விடறதா, ரோட்டுல கல்லப் போட்டு மறிக்கிறதான்னு முடிவு பண்ணப்போறாங்க. நான் இல்லேன்னா இன்னிக்கு ராத்திரியே கல்லப் போட்டுடுவாங்க.

நோர்மா: மறிச்சா அவ்வளவுதான் டாக்டர். மேட்டுத்தெருவுல எல்லாம் வயசான ஜனங்க. ஒருத்தருக்கும் இன்னும் போடல. போன வருஷம் மாதிரி இன்னொரு தடவ… என்னால பொட்டி தூக்க முடியாது.

எலோய்சா: சரி… சரி. அதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிப் பாத்துடலாம். சொட்டு மருந்து ஒண்ணு இருக்கு. இரு, எடுத்துட்டு வரேன்… அய்யோ!

நோர்மா: அலமாரி டாக்டர்! தோள்ல அடிபட்டுச்சா?

எலோய்சா: ஒண்ணுமில்ல. இருட்டு.

டிரான்சிட்டோ: சன்னலுக்குப் போர்வையக் கட்டி இருட்டாக்கினதே நீங்கதானே. காலைலேர்ந்து ரெண்டு தடவ அந்த அலமாரிய முட்டியாச்சு. அது பாவம், என்ன பண்ணுச்சு உங்கள?

எலோய்சா: தலைய மேல தூக்குங்க. இது பாப்பாவ சுருக்கற மருந்து. ரெண்டு கண்ணுலயும் விடறேன். நரம்புக் கோளாறா இருந்தா வலது கண்ணும் சுருங்கும். சுருங்கலேன்னா…

டிரான்சிட்டோ: அம்மாடி, அது கன்னம்! கண்ணு இன்னும் கொஞ்சம் மேல இருக்கு.

எலோய்சா: ஆடாதீங்கன்னு சொன்னேன்ல.

டிரான்சிட்டோ: நான் எங்க ஆடினேன்? செவத்துல மாட்டின மாதா படமாட்டம் உக்காந்திருக்கேன்.

நோர்மா: நான் விடட்டுமா டாக்டர்?

எலோய்சா: …விடு. ரெண்டு சொட்டு. மூடிக்கோங்கம்மா. கொஞ்ச நேரம் காத்திருக்கணும்.

டிரான்சிட்டோ: காத்திருக்கற நேரத்துல வாய்க்கு ஏதாவது குடுங்க. உள்ள காப்பி வாசனை வருது.

எலோய்சா: நானே ஊத்தறேன். டம்ளரப் பிடிங்க.

டிரான்சிட்டோ: பிடிச்சிருக்கே… ஆ! முட்டி! முட்டியில ஊத்தறீங்க! ஏசப்பா, கண்ணுக்கு வைத்தியம் பாக்க வந்தா காலையும் வேகவெச்சு அனுப்புறாங்களே!

நோர்மா: துணி… இந்தாங்க துணி. டாக்டர், நீங்க உக்காருங்க. ராத்திரி தூங்கலையா?

எலோய்சா: தூங்கல. அதான்.

டிரான்சிட்டோ: இருக்கட்டும் விடு. பட்டணத்துக்காரங்க ராத்திரி பூரா போன நோண்டுவாங்க, பகல்ல டம்ளர் தெரியாது. சபை முடிஞ்சதும் உங்களுக்கு கினிப்பன்னி சுட்டு வெச்சிருக்கோம். அத நானே ஊட்டிவிடறேன், நீங்க கைய வெக்காதீங்க.

எலோய்சா: மொதல்ல கண்ணக் காட்டுங்க… டார்ச்ச குடு நோர்மா. இடது கண்ணு… நல்லா சுருங்கியிருக்கு. ஊசி மொன அளவுதான் இருக்கு. வலது…

நோர்மா: மாறவே இல்ல.

எலோய்சா: மாறவே இல்ல! அப்ப இது நரம்பு இல்ல! தலைக்குள்ள ஒண்ணும் இல்ல! ஏதோ ஒண்ணு கண்ணுக்குள்ள போயி அந்தத் தசையவே கட்டிப் போட்டிருக்கு. கண்ணுல என்ன விட்டீங்க?

டிரான்சிட்டோ: ஒண்ணும் விடல.

எலோய்சா: தாய்ப்பால்? எலுமிச்ச? தேன்?

டிரான்சிட்டோ: ஒண்ணும் விடலங்கறேன்ல.

எலோய்சா: அப்புறம் என்ன வாசனை இது? உங்க பக்கத்துல வந்தாலே பச்சையா, கசப்பா…

டிரான்சிட்டோ: மாடு.

எலோய்சா: மாட்டு வாசனை எனக்குத் தெரியும். அந்த இடது கைச் சட்டைய மேல தூக்குங்க.

டிரான்சிட்டோ: குளுருது.

நோர்மா: பெரியம்மா… தூக்குங்க.

எலோய்சா: துணி கட்டியிருக்கு… உள்ள… என்ன இது? இலையா?

டிரான்சிட்டோ: குவாந்து. அனல்ல வாட்டிக் கட்டினா கை வலி போயிடும். ஊசி போட்டா கை வலிக்கும்ல.

எலோய்சா: குவாந்தா? வேலி வேலியா வெள்ளையா எக்காளம் மாதிரி பூ தொங்குதே, அந்த மரமா?

டிரான்சிட்டோ: அதேதான்.

எலோய்சா: கடவுளே! அம்மா, அது ஊமத்தைக்கு அக்கா! அதோட சாறு ஒரு பொட்டு கண்ணுல பட்டாப் போதும், நாள் கணக்கா பாப்பா சுருங்காது! யாரெல்லாம் கட்டியிருக்காங்க?

டிரான்சிட்டோ: யாரு கட்டல? ஊசி போட்ட அத்தன பேரும்தான்.

எலோய்சா: மத்த பதினோரு பேரயும் பாத்தேன். ஒருத்தர் கையிலயும் இலை இல்லையே!

டிரான்சிட்டோ: பட்டணத்து டாக்டரப் பாக்க வரும்போது யாராவது இலையோட வருவாங்களா? 'காட்டு ஜனங்க'ன்னு திட்டுவீங்க. கழட்டி ஆஸ்பத்திரி வேலியில மாட்டிட்டு வருவாங்க, போகும்போது எடுத்துக் கட்டிக்குவாங்க. நான் வயல்லேர்ந்து நேரா வந்துட்டேன். இவ இழுத்துட்டு வந்துட்டா.

எலோய்சா: ஒவ்வொருத்தரையும் கேட்டேன்! 'மருந்து ஏதாவது போட்டீங்களா'ன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டேன்!

டிரான்சிட்டோ: மருந்தத்தானே கேட்டீங்க? இலையக் கேக்கலையே. இலை இலைதான்.

எலோய்சா: எந்தக் கையால கட்டினீங்க?

டிரான்சிட்டோ: இதென்ன கேள்வி! இடது கைக்கு வலது கையாலதான் கட்டமுடியும்.

எலோய்சா: கண்ணக் கசக்கினது?

டிரான்சிட்டோ: வலது கண்ண… வலது கையாலதான்… ஆத்தி!

நோர்மா: லூச்சோ! டாக்டர், லூச்சோ! அவன் இடது கைக்காரன். 'எழப்புளி பிடிக்கிற கையில குத்தாத'ன்னு சொன்னான், அவனுக்கு மட்டும் வலது கையில போட்டேன். மறந்தே போச்சு!

எலோய்சா: இடது கையால இலை கட்டினான். இடது கண்ணக் கசக்கினான்.

நோர்மா: மாதாவே… மாதாவே…

எலோய்சா: கை கழுவவே மாட்டீங்களா நீங்கள்லாம்? குவாந்து விஷம்னு உங்களுக்குத் தெரியாதா?

டிரான்சிட்டோ: எங்களுக்கா தெரியாது? குவாந்தத் தொட்டா சாம்பலப் போட்டுத் தேச்சுக் கழுவாம மூஞ்சில கை வெக்கமாட்டோம். பொறந்த புள்ளைக்கும் தெரியும். ஆனா இப்பத்தான் நீங்க ஜெல்லு குடுத்தீங்களே!

எலோய்சா: என்ன ஜெல்?

டிரான்சிட்டோ: வீட்டுக்கு ஒரு பாட்டில். 'தண்ணி வேணாம், சோப்பு வேணாம், இத தேச்சாப் போதும், எல்லாம் செத்துப்போகும்'னு மைக்குல கத்திக்கிட்டே வந்தாங்க. கொரோனாவையே கொல்லுதாம், எலைச்சாறு எம்மாத்திரம்? இலையக் கட்டினதும் ரெண்டு கையிலயும் மணக்க மணக்கத் தேச்சுக்கிட்டேன்.

எலோய்சா: அது கிருமியக் கொல்லும்மா! சாற எங்க கொல்லும்? வெரல் வெரலா பரப்பித்தான் விடும்!

டிரான்சிட்டோ: அத அந்த மைக்குக்காரன் சொல்லலையே.

எலோய்சா: ஊசி போட்ட கையில இலை கட்டுங்கன்னு எந்தப் புத்திசாலி சொன்னது?

நோர்மா: நான்தான்.

எலோய்சா: நீயா? நர்சு நீ!

நோர்மா: எல்லாரும் 'கை வலிக்கும்'னு வரிசைய விட்டு நழுவினாங்க டாக்டர். ஆஸ்பத்திரியில மாத்திர தீந்துபோச்சு. 'வலிச்சா ஒரு குவாந்து இலைய வாட்டிக் கட்டிக்கோங்க'ன்னு சொன்னேன். எங்க வீட்லயும் அதத்தான் பண்ணுவோம். நான் கழுவிடுவேன். இவங்க ஜெல்ல நம்புவாங்கன்னு நான் கண்டேனா?

எலோய்சா: காலைலயே ஸ்கேனுக்கு வண்டி ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டேன்! மந்திரி ஆபீசு வரைக்கும் நடுங்கிக்கிட்டு இருக்கு! ஒரு இலைக்கு…

டிரான்சிட்டோ: அப்ப நான் குருடி இல்ல?

எலோய்சா: இல்ல. இலையத் தூக்கிப் போட்டுட்டு சோப்புப் போட்டு கழுவுங்க. நாலஞ்சு நாள்ல தானா சரியாயிடும்.

டிரான்சிட்டோ: அப்பாடா… நோர்மா, இன்னும் கொஞ்சம் காப்பி குடு. நீயே ஊத்து. டாக்டரம்மா, சபையில இத நீங்களே சொல்லிடுங்க. 'ஊசி மேல குத்தமில்ல, இலை மேலதான் குத்தம்'. முடிஞ்சுது. ஃபிலோமேனோ மூஞ்சியப் பாக்கணும் எனக்கு, கலங்கலா தெரிஞ்சாலும் பரவால்ல.

எலோய்சா: அவ்வளவு சுலபமா முடியாதும்மா.

டிரான்சிட்டோ: ஏன்?

எலோய்சா: அந்த ஃபிலோமேனோ எழுந்து என்ன கேப்பான்? 'இவங்க எல்லாரும் ஊசியும் போட்டிருக்காங்க, இலையும் கட்டியிருக்காங்க. கெடுத்தது இலைதான்னு எப்படி சொல்றே?' நியாயமான கேள்வி. நானா இருந்தா நானும் கேப்பேன்.

நோர்மா: ஏதாவது வழி இருக்குமே?

எலோய்சா: ஊசி போடாம இலை மட்டும் கட்டின ஒரு ஆளு வேணும். அந்த ஆளுக்கும் இதே மாதிரி கண்ணு தொறந்திருக்கணும். ஒரே ஒருத்தர் போதும், அப்புறம் யாரும் வாயத் தொறக்க முடியாது. ஆனா ஊசி போடாதவன் வலிக்காத கையில எதுக்கு இலை கட்டப்போறான்? அப்படி யாரு இருக்கப்போறாங்க…

டிரான்சிட்டோ: காப்பி ஆறிப்போச்சு.

எலோய்சா: ஏன் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறீங்க?

டிரான்சிட்டோ: யாரு பாத்தது? எனக்குத்தான் கண்ணே தெரியலையே.

நோர்மா: பெரியம்மா… சொல்லிடுங்க.

டிரான்சிட்டோ: வாய மூடு.

நோர்மா: சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன். நாலு நாளா எனக்கு சோறு எறங்கல.

டிரான்சிட்டோ: நோர்மா!

நோர்மா: இவங்களுக்கு நான் ஊசியே போடல டாக்டர்.

எலோய்சா: …என்னது?

நோர்மா: போடல. மொத ஆளா உள்ள வந்தாங்க. கதவச் சாத்தினேன். ஊசிய எடுத்தேன். பாத்தாங்க… அப்படியே சரிஞ்சு விழுந்துட்டாங்க. தண்ணி தெளிச்சு எழுப்பினேன். 'பஞ்ச வெச்சு ஒட்டுடி, போட்டாச்சுன்னு சொல்லு'ன்னு காலப் பிடிக்காத குறையா…

டிரான்சிட்டோ: நான் யார் காலையும் பிடிக்கல!

எலோய்சா: காளைக்குக் காயடிக்கிற பொம்பள நீங்க! நோர்மாதான் சொன்னா!

டிரான்சிட்டோ: அது காளையோடது. இது என்னோட கை.

எலோய்சா: நோர்மா, போட்டதா எழுதினியே நீ! இது எவ்வளவு பெரிய தப்புன்னு…

நோர்மா: தெரியும் டாக்டர். அந்த மருந்த வீணாக்கல, அடுத்து வந்தவருக்குப் போட்டுட்டேன். ஆனா இவங்க என் ஞானத்தாய். ஞானஸ்நானத்தப்போ என்னைத் தூக்கிப் பிடிச்ச கை. இவங்க ஒண்ணு கேட்டா 'மாட்டேன்'னு சொல்ல இந்த ஊர்ல யாருக்கும் நாக்கு வராது.

எலோய்சா: அப்ப வலியே இல்லாத கையில எதுக்கு இலை?

டிரான்சிட்டோ: எல்லாரும் கட்டியிருந்தாங்க. ஊரையே காதப் பிடிச்சு இழுத்துட்டு வந்து வரிசையில நிறுத்தினவ நான். தலைவி கையில மட்டும் இலை இல்லேன்னா சந்தேகம் வராதா? தெனமும் புதுசு வாட்டிக் கட்டினேன். வலிக்கற மாதிரி மொனகவும் செஞ்சேன். என்ன பண்ணச் சொல்றீங்க?

எலோய்சா: அய்யோ அம்மா… நீங்க என்னன்னு உங்களுக்குத் தெரியுதா? நான் தேடின ஆளே நீங்கதான்! ஊசி படாத ஒடம்பு, இலை மட்டும் கட்டின கை, அதே கண்ணு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

டிரான்சிட்டோ: எனக்குத் தெரிஞ்சுபோச்சு நீங்க எங்க வர்றீங்கன்னு. முடியாது.

எலோய்சா: சபையில நீங்க சொல்லணும்.

டிரான்சிட்டோ: முடியாதுன்னுட்டேன். ஃபிலோமேனோ முன்னாடியா? அந்த லூச்சோகிட்ட 'ஆம்பளையாடா நீ, ஊசிக்குப் பயப்படறே'ன்னு நாலு பேரு பாக்கக் கேட்டிருக்கேன். என் மூஞ்சிய எங்க கொண்டு வெக்கறது?

நோர்மா: மேட்டுத்தெரு கெழவங்க மூஞ்சிய நெனச்சுக்கோங்க பெரியம்மா.

டிரான்சிட்டோ: நீ பேசாத. என் வயித்துல நெருப்ப வெச்சவ நீ.

எலோய்சா: ரெண்டாவது சங்கு ஊதறாங்க.

டிரான்சிட்டோ: கேக்குது. காது நல்லாத்தான் இருக்கு… டாக்டரம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. நான் போயி ஊர் முன்னாடி அசிங்கப்படறேன்னே வெச்சுக்குவோம். அடுத்து அவங்க உங்களத்தான் கேப்பாங்க. 'ஊசியால ஒருத்தர் கண்ணும் கெட்டதில்ல'ன்னு மாதா மேல சத்தியம் பண்ணுவீங்களா?

எலோய்சா: இந்த ஊர்ல நான் பாத்த இந்தக் கண்ணு ஒண்ணுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லன்னு சத்தியம் பண்ணுவேன்.

டிரான்சிட்டோ: நான் கேட்டது அது இல்லையே.

எலோய்சா: டார்ச்ச எங்க வெச்சேன்… நேரமாகுதும்மா.

டிரான்சிட்டோ: ஏன் இப்ப பேச்ச மாத்தறீங்க? நீங்க சுத்தின ஊர்ல எல்லாம்… யாருக்காவது நெஜமாவே போயிருக்கா?

எலோய்சா: ஒருத்தி இருக்கா. பட்டணத்துல.

நோர்மா: யாரு டாக்டர்? எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே.

எலோய்சா: அம்பது வயசு இருக்கும். ஊசி போட்ட அடுத்த வாரம் காலைல எழுந்தா, ஒத்தக் கண்ணுல சாம்பல் கலர்ல திரை. உள்ள ரத்தக்குழாய் அடைச்சுக்கிச்சு.

டிரான்சிட்டோ: ஏசப்பா! ஊசியாலயா?

எலோய்சா: தெரியாது.

டிரான்சிட்டோ: டாக்டரா இருந்துக்கிட்டு தெரியாதுங்கறீங்க!

எலோய்சா: தெரியாதும்மா. அவளுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அந்த வயசுல ஊசியே போடாதவங்களுக்கும் இது வரும். ஊசியாலயா, தன்னால வந்ததான்னு ஒருத்தியப் பாத்து சொல்லவே முடியாது. போட்டவங்கள்ல எத்தன பேரு, போடாதவங்கள்ல எத்தன பேருன்னு எல்லாரையும் சேத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சியே.

நோர்மா: அப்ப அவங்களையும் சேத்துட்டீங்கல்ல?

எலோய்சா: …இல்ல.

நோர்மா: சேக்கலையா! ஏன்?

எலோய்சா: அவ ஒத்துக்கல. ஒத்துக்காம ஒருத்தர சேக்க முடியாது.

டிரான்சிட்டோ: ஏன் ஒத்துக்கல?

எலோய்சா: வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். நுணுக்கமான கை வேலை. ரெண்டு கண்ணும் வேணும்.

நோர்மா: தையல்காரியா?

எலோய்சா: …வெட்டறதும் தைக்கறதும்தான். மணிக்கட்டு வலின்னு பொய் சொல்லி எல்லாத்தையும் தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கா. இன்னொரு பயமும் உண்டு அவளுக்கு. 'பாத்தியா, அவளுக்கே போச்சு'ன்னு ஜனங்க ஊசியவிட்டு ஓடிடுவாங்களோன்னு.

டிரான்சிட்டோ: நல்லாருக்கே கதை! நான் மட்டும் ஊர் முன்னாடி சட்டைக்கையத் தூக்கிக்கிட்டு நிக்கணும், அந்தம்மா பட்டணத்துல கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கணுமா? அவ சொல்லாததாலதான் நீங்களும் 'தெரியாது'ன்னுக்கிட்டு நிக்கறீங்க. என்னை மாதிரி அவளும் பொய்க்கு இலை கட்டிக்கிட்டு சுத்தறா. அவ்வளவுதான் வித்தியாசம்!

எலோய்சா: …ஆமா. அவ்வளவுதான்.

நோர்மா: பெரியம்மா, மெதுவா. டாக்டர் அழறாங்க.

டிரான்சிட்டோ: நான் அவங்களத் திட்டலையே! அந்தப் பொம்பளையத்தானே திட்டறேன்… டாக்டரம்மா, இங்க பாருங்க. எங்க ஜனங்க அப்படியெல்லாம் ஓடமாட்டாங்க. மறைச்சு வெச்சு அப்புறம் தெரிஞ்சாத்தான் ஓடுவாங்க. கல்லெடுத்துக்கிட்டு ஓடுவாங்க. 'இது தெரியும், இது தெரியாது'ன்னு நேரா சொன்னா உக்காந்து கேப்பாங்க. மழை வருமா வராதான்னு தெரியாமத்தானே வருஷா வருஷம் கெழங்கு நடறோம்?

எலோய்சா: அப்ப நீங்க?

டிரான்சிட்டோ: நான் சொல்றேன். போதுமா? ஃபிலோமேனோ சிரிச்சுட்டுப் போகட்டும். நோர்மா, மிச்சம் ஒரு ஊசி இருக்கும்ல, எடுத்துக்கிட்டு வா. எல்லாரும் பாக்க அங்கயே போடு. நான் விழுந்தா லூச்சோ பிடிச்சுக்கட்டும், அவனுக்கும் ஒரு சந்தோஷம். ஆனா ஒண்ணு. அந்தப் பட்டணத்தம்மாவும் சொல்லணும். போன்லயாவது சொல்லட்டும், நான் மைக்குல வெக்கறேன்.

எலோய்சா: சொல்லுவா.

நோர்மா: இன்னும் நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்?

எலோய்சா: ஒத்துக்கிட்டா. கணக்குல சேத்துடலாம். சபையிலயும் சொல்லுவா.

டிரான்சிட்டோ: எப்ப ஒத்துக்கிட்டா? இங்கதானே உக்காந்திருக்கீங்க, போனையே எடுக்கலையே! என்ன டாக்டரம்மா நீங்க… அதோ, மூணாவது சங்கு! எழுந்திரிங்க, எழுந்திரிங்க. வழியில பேசிக்கலாம்.

எலோய்சா: நோர்மா… என் வலது பக்கமா வந்து கையப் பிடிச்சுக்க. வாசப்படி எறங்கணும். நான் ஊசி போட்ட அடுத்த வாரத்துலேர்ந்து அந்தப் பக்கம் எனக்கு ஒரே சாம்பலா இருக்கு.